தோற்பது பதினொரு பேர், போவது ஒருவர்

தெற்கு கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் கால்பந்து கிளப் ஒரு பரம்பரைச் சொத்து. அதில் பங்கில்லாதவர் கோச் மட்டும்தான்.

சியால்டாவிலிருந்து பட்ஜ் பட்ஜுக்குப் போகும் லோக்கல் ரயில் பாலிகஞ்சைத் தாண்டியதும் பிரதான பாதையை விட்டு மேற்கே திரும்புகிறது. அடுத்த ஸ்டேஷன் லேக் கார்டன்ஸ். தண்டவாளத்துக்கு வடக்கே ரவீந்திர சரோவர் ஏரி, அதன் கரையில் ஒரு கால்பந்து ஸ்டேடியம். தெற்கே குடியிருப்பு. மூன்று நான்கு மாடி வீடுகள், இனிப்புக் கடைகள், மருந்துக் கடைகள், தெருமுனைக்கு ஒரு டீக்கடை. 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி இது. 1958ல் தாகூரின் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் அது இன்னமும் வெறும் 'லேக்'தான்.

காலையில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்கிறார்கள். முந்தின நாள் மோகன் பகானோ ஈஸ்ட் பெங்காலோ தோற்றிருந்தால், முதல் பக்கத்துக்கு வந்து சேர வெகு நேரமாகும். மண் குவளையில் டீ ஆறிக்கொண்டிருக்க, ஒரே ஒரு பெயர் திரும்பத் திரும்ப அடிபடும். பந்தைக் கோட்டைவிட்ட கோல்கீப்பரின் பெயரோ, பெனால்டியை வானத்துக்கு அடித்தவரின் பெயரோ அவ்வளவாக வராது. கோச்சின் பெயர்தான் வரும். இந்த ஆளை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள், போவது இந்த வாரமா அடுத்த வாரமா என்பதே பேச்சு.

இங்கே எல்லோரும் எல்லோரையும் 'தாதா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழ் சினிமா தாதா இல்லை. அண்ணன் என்று பொருள். ஜெயிக்கிற வரை கோச்சுக்கும் அந்த மரியாதை உண்டு. பி.கே. பானர்ஜி இவர்களுக்கு 'பிகே-தா', அமல் தத்தா 'அமல்-தா'. தோற்கத் தொடங்கினால் முதலில் உதிர்வது அந்தத் 'தா'.

இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள, கிளப் எப்படி ஒரு வீட்டுக்குள் வருகிறது என்று பார்க்கவேண்டும். மோகன் பகான் 1889ல் பிறந்தது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றதால் சுதந்திரப் போராட்டத்தின் கதையிலேயே இடம் பிடித்தது. ஈஸ்ட் பெங்கால் 1920ல் உருவானது. பெயரே சொல்வதுபோல, கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் கிளப். 1947க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் தெற்கு கல்கத்தாவில் குடியேறினார்கள். லேக் கார்டன்ஸுக்குச் சற்றுத் தெற்கே ஜாதவ்பூர் பக்கம் உள்ள பிஜய்கர் காலனி, யுத்த காலத்தில் கட்டிக் கைவிடப்பட்ட ராணுவக் கொட்டகைகளில் தொடங்கியது. நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்தவர்களுக்குக் கையோடு கொண்டுவர முடிந்தவை பேச்சு வழக்கு, சமையல், கிளப் ஆகிய மூன்றும்தான்.

எனவே இந்த வட்டாரத்தில் ஒருவர் கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பாவுக்கு எதுவோ அதுவே பிள்ளைக்கும். மேற்கு வங்கப் பூர்வீகக்காரர் 'கோட்டி', அவர் கிளப் மோகன் பகான், ஜெயித்தால் வீட்டில் இறால். கிழக்கிலிருந்து வந்தவர் 'பாங்கால்', அவர் கிளப் ஈஸ்ட் பெங்கால், ஜெயித்தால் ஹில்சா மீன். கலப்புத் திருமணங்கள் பெருகி, அடுக்குமாடிகளும் வந்துவிட்ட பிறகு இந்தக் கோடு நிறையவே மங்கிவிட்டது. ஆனாலும் இரு அணிகளும் மோதும் நாளில் எந்த வீட்டுச் சமையலறையில் என்ன மணம் வரவேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

பிறப்பால் வந்த ஒன்றை விட்டு விலக முடியாது. கிளப் தோற்றால் கிளப்பைக் கோபித்துக்கொள்வது தன் அப்பாவையே கோபித்துக்கொள்வது மாதிரி. கிளப் நிர்வாகிகள் மைதான் பகுதியில் 'டென்ட்' என்று அழைக்கப்படும் கிளப் கட்டடத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களை மாற்ற உறுப்பினராக இருக்கவேண்டும், தேர்தல் வரவேண்டும். ஆட்டக்காரர்கள் பதினொரு பேர், அவர்களில் ஒருவராவது நம் செல்லப்பிள்ளை. மிஞ்சுவது ஓரக்கோட்டில் நிற்கும் ஒரே ஆள். சம்பளத்துக்கு வந்தவர். கூப்பிடு தூரத்தில் இருப்பவர். கத்தினால் காதில் விழும்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. படம் தோல்வியடைந்தால் ரசிகர் மன்றம் கதாநாயகனைத் திட்டுவதில்லை. 'டைரக்டர் கெடுத்துட்டான்' என்றுதான் தியேட்டரை விட்டு வெளியே வருகிறது. அடுத்த படம் அதே டைரக்டருக்குக் கிடைக்காது, அதே கதாநாயகனுக்குக் கிடைக்கும். கொல்கத்தா கால்பந்தில் கோச்சின் இடம் அந்த டைரக்டரின் இடம்.

வேலைக்கு வந்தவர் என்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. நேற்றைய எதிரியை இன்று வீட்டுக்குள் கூப்பிட முடியும். இதற்கு மிகப் பெரிய உதாரணம் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்திய அணியின் கேப்டனாக இருந்த அவர், கிளப் ஆட்டங்களைப் பெரும்பாலும் ஆடியது ஈஸ்டர்ன் ரயில்வேக்காக. மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ அவர் ஆடியதில்லை. 1972ல் ஈஸ்ட் பெங்காலின் கோச்சாக வந்தார். ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் அவர் பேசிய உணர்ச்சி உரைக்கு 'வோக்கல் டானிக்' என்றே பெயர் வந்துவிட்டது. 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது, கடைசி நான்கு பி.கே. காலத்தில். 1975 செப்டம்பர் 30 அன்று ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று அவரது அணி நொறுக்கியது. அந்த ஸ்கோரை இந்தத் தெருக்களில் இன்றும் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. ஐந்து விரலைக் காட்டினால் போதும்.

அடுத்த ஆண்டு பி.கே. எங்கே இருந்தார்? மோகன் பகானில். ஐந்து கோல் போட வைத்த மனிதரையே மோகன் பகான் அழைத்து வந்தது. 1976ல் லீக் பட்டமும் வந்தது. 1977ல் லீக் கைவிட்டுப் போனபோது முணுமுணுப்பு எழுந்தது. அதே ஆண்டில் ஷீல்டு, ரோவர்ஸ், டூராண்ட் என மூன்று கோப்பைகளும் வந்து சேர்ந்ததும் அது அடங்கியது. ரசிகனின் கணக்கு எளிமையானது. பழைய பகைக்காக கோச்சை வெறுப்பதில்லை, பழைய அன்புக்காக மன்னிப்பதும் இல்லை.

தோல்வி மட்டும்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை. அவமானம் என்று ஒன்று இருக்கிறது. 1997 ஜூலை 13, சால்ட் லேக் ஸ்டேடியம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் கோச் அமல் தத்தா, ஈஸ்ட் பெங்கால் கோச் பி.கே. இங்கிலாந்தில் பயிற்சி பெற்று வந்த தத்தா, கோச் வேலையை முழுநேரத் தொழிலாக இந்தியாவில் முதலில் ஏற்றவர் என்று பேசப்படுபவர். அந்த ஆண்டு அவர் கொண்டுவந்த 'டயமண்ட்' வியூகம் காலிறுதியில் சர்ச்சில் பிரதர்ஸை 6-0 என்று துவைத்திருந்தது. அந்த உற்சாகத்தில் அவர் வாய் திறந்தார். எதிரணியின் பாய்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார். சாமி ஒமோலோவை 'ஆம்லெட்' ஆக்கினார். சோஸோவை வங்காளத்தில் வெள்ளரிக்காயைக் குறிக்கும் 'சொசா' என்று கிண்டலடித்தார்.

கேலரியில் 1,31,000 பேர். இந்திய விளையாட்டு வரலாற்றில் அதற்கு ஈடான கூட்டம் அபூர்வம். பாய்சுங் மூன்று கோல் அடித்தார். முடிவு 4-1, ஈஸ்ட் பெங்கால். டயமண்டின் குறைகளை வரைபடம் போட்டு அலசியவர்கள் உண்டு. டீக்கடைகளில் நிலைத்துவிட்டது அந்தக் கேலிப் பெயர்கள்தான். ரசிகனின் சார்பில் கோச் சவால் விட்டிருந்தார். சவால் தோற்றதும் மறுநாள் அலுவலகத்தில், டிராமில், மாமியார் வீட்டில் முகம் கொடுக்கவேண்டியிருந்தது ரசிகன்தான். அதே பருவத்தின் தேசிய லீகை மோகன் பகான் வென்றபோது கோச்சாக இருந்தவர் கேரளத்தின் டி.கே. சாத்துண்ணி. பத்து ஆண்டுகள் கழித்தும் இருபது ஆண்டுகள் கழித்தும் மேற்கு வங்கத்தார் அமல் தத்தாவைப் பற்றிப் பேசினார்கள். 2016ல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் அந்த டயமண்ட் மீண்டும் மின்னியது. ஆட்டத்தை யோசித்து ஆடிய அறிவாளி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். கோச்சுக்கு இங்கே நியாயம் கிடைக்கும், கொஞ்சம் தாமதமாக.

இனி லேக் கார்டன்ஸுக்கு வடக்கே, தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள அந்த ஸ்டேடியத்துக்கு வருவோம். ரவீந்திர சரோவர் ஸ்டேடியம் சிறியது. 2017ல் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக சால்ட் லேக் ஸ்டேடியம் புதுப்பிக்கப்பட்டபோது பெரிய ஆட்டங்கள் இந்த ஏரிக்கரைக்கு வந்தன. 2016ல் அட்லெடிகோ டி கொல்கத்தா இங்கே ஆடித்தான் ஐ.எஸ்.எல். பட்டத்தை நோக்கிப் போனது. கோச், ஸ்பெயின்காரர் ஹோசே மோலினா. பிறகு மோகன் பகானும் ஐ-லீக் ஆட்டங்களை இங்கே ஆடியது. நடந்தே போய் மோகன் பகானைப் பார்க்கும் பாக்கியம் பேட்டைக்காரர்களுக்குக் கிடைத்தது.

அப்போது மோகன் பகானின் கோச் சஞ்சய் சென். வெளிநாட்டுக்காரர் அல்ல, கொல்கத்தாக்காரர். 2015 மே 31 அன்று பெங்களூரில், ஆட்டம் முடியும் தறுவாயில் பெல்லோ ரசாக் தலையால் முட்டிய கோல் 1-1 என்று சமன் செய்ய, 13 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய லீக் பட்டம் மோகன் பகானுக்கு வந்தது. 2016ல் ஃபெடரேஷன் கோப்பை. அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் லீக்கில் இரண்டாமிடம். 2017 ஏப்ரல் 30, பருவத்தின் கடைசி நாள், சென்னை சிட்டி அணியை 2-1 என்று வென்றும், ஒரே ஒரு புள்ளியில் ஐசாலிடம் பட்டம் போனது.

எட்டு மாதம் கழித்து அதே சென்னை சிட்டி மீண்டும் கொல்கத்தாவுக்கு வந்தது. 2018 ஜனவரி 2. இந்த முறை 2-1 சென்னைக்கு. சொந்த ரசிகர்களின் வசைமாரிக்கு நடுவே வெளியேறிய சென், ஆட்டத்துக்குப் பிந்தைய பத்திரிகையாளர் சந்திப்பிலேயே பதவி விலகுவதாகச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்கு முன்புதான், டிசம்பர் 3 அன்று, அவர் அணி ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று வென்றிருந்தது. அணியின் உயிர்நாடியாக இருந்த ஜப்பானியர் கட்சுமி யூசா அந்தப் பருவத்துக்கு ஈஸ்ட் பெங்காலுக்கே போய்விட்டிருந்தார். ஹைதி நாட்டு சோனி நோர்டே காயத்தால் தவித்துக்கொண்டிருந்தார். இருவரையும் வைத்துப் பட்டம் வென்ற கோச், இருவரும் இல்லாமல் அதே ஆட்டத்தைக் காட்டவேண்டும் என்று கேலரி எதிர்பார்த்தது.

நம் ஊர் அணி ஜெயித்தது என்று சந்தோஷப்பட்ட தமிழர்கள் கொல்கத்தாவிலும் இருந்திருப்பார்கள். லேக் கார்டன்ஸிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு வடக்கே போனால் லேக் மார்க்கெட். காபிப் பொடியும் வாழையிலையும் கதம்பமும் விற்கும் அந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் கிளப் உண்டு. அதற்குக் காரணங்களும் உண்டு. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் பீட்டர் தங்கராஜ், கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோல் காத்தவர். அதே அணியின் அருமைநாயகம் மோகன் பகானின் செல்லம். தஞ்சாவூரின் குலோத்துங்கன் இரு தரப்புக்கும் ஆடினார். தெற்கிலிருந்து வந்த இந்த ஆட்டக்காரர்களை வங்காளிகள் சொந்தப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார்கள். கோச்சுக்கு அந்தத் தத்தெடுப்பு கிடையாது, அவர் உள்ளூர்க்காரராகவே இருந்தாலும்.

ஈஸ்ட் பெங்கால் பக்கம் கதை இன்னும் நீளம். சுபாஷ் பௌமிக் 2003ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்று கொடுத்தார். 2003-04ல் தேசிய லீக். அதன்பின் இருபது ஆண்டுகள் தேசிய லீக் பட்டம் இல்லாமல் கழிந்தன. இங்கிலாந்தின் டிரெவர் மார்கன் 2010 முதல் 2013 வரை இருந்து இரண்டு ஃபெடரேஷன் கோப்பைகளை வென்றார். லீக் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. பிரியாவிடை பெற்றுப் போனவர் 2016ல் திரும்பி வந்தார். 2017 ஏப்ரலில் ரசிகர்களின் எதிர்ப்புக்கு நடுவே ராஜினாமா செய்தார். ஐசாலுக்குப் பட்டம் வாங்கித்தந்த காலித் ஜமீல் அடுத்து வந்தார். ஒரே பருவம்தான். அவர் 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் கோச்சாக நியமிக்கப்பட்டார். கார்லஸ் குவாட்ராட் 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றபோது 12 ஆண்டு வறட்சி தீர்ந்தது என்று ஊரே கொண்டாடியது. புதுப் பருவத்தின் ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் மூன்றிலும் தோல்வி. செப்டம்பர் மாதம் முடிவதற்குள் அவரும் இல்லை. மார்கனின் முதல் விடைபெறலுக்கும் குவாட்ராட் போனதற்கும் இடையே பத்துக்கும் மேற்பட்ட கோச்சுகள். ஆள் மாறிக்கொண்டே இருந்தது, பட்டம் வரவில்லை.

எல்லாக் கோபமும் முட்டாள்தனமானது என்று சொல்லிவிட முடியாது. நாற்பது வருடம் கேலரியில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியும். ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்ற எல்லோரையும் பின்னால் இழுப்பதை, சின்ன அணிகளிடம் சொந்த மைதானத்தில் டிரா செய்வதை, உள்ளூர்ப் பையனை பெஞ்சில் உட்கார வைத்து வெளிநாட்டவரைத் தூக்கிப் பிடிப்பதை அவர் நிர்வாகத்துக்கு முன்பே கவனித்துவிடுகிறார். வெற்றி பெற்ற கோச்சைத்தான் அதிகம் கோபிக்கிறார் என்பது இன்னொரு விஷயம். ஒருமுறை கோப்பையைக் காட்டிவிட்டால் அதுவே அளவுகோல். இதே மோலினா 2024ல் மோகன் பகானுக்கு வந்து, அந்தப் பருவத்தில் லீக் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்து வென்றார். 2025 நவம்பரில் அவரும் கிளப்பும் பிரிந்தார்கள். இரட்டைப் பட்டம் வென்று எட்டு மாதம்கூட ஆகவில்லை.

கோபத்துக்கு எல்லை தெரியாமல் போன நாட்களும் உண்டு. 1975ன் ஐந்து கோலுக்குப் பிறகு மோகன் பகான் ரசிகர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ஆத்திரக் கூட்டத்துக்குப் பயந்து சில ஆட்டக்காரர்கள் அன்றிரவைக் கங்கையில் ஒரு படகில் கழித்ததாக அந்தக் காலத்தவர்கள் சொல்கிறார்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இரு அணிகளும் மோதியபோது கேலரியில் கலவரம். 16 பேர் செத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் கொல்கத்தா அவர்களை நினைவுகூர்கிறது. அன்று போனவர்கள் எல்லோரும் ஆட்டம் பார்க்க வீட்டிலிருந்து கிளம்பியவர்கள்தான்.

உலகம் முழுவதும் இதே வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். 1989 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் ஒருவர், மூன்று வருடச் சாக்குப்போக்கு போதும், போய்வாருங்கள் என்ற பொருளில் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு பேனர் பிடித்தார். கிளப் அவரை அனுப்பவில்லை. 1990 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை வந்தது. அதன்பின் 13 லீக் பட்டங்கள். 2013ல் அவராகவே ஓய்வு பெற்றார். மான்செஸ்டர் ரசிகனின் பொறுமை கொல்கத்தா ரசிகனின் பொறுமையைவிடப் பெரிதாக இருக்கவில்லை. அங்கே நிர்வாகம் கேலரியின் சத்தத்தைக் கேட்டு முடிவெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே நிர்வாகத்துக்கு அந்தச் சத்தம் வசதியாக இருந்திருக்கிறது. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்ததில் கோளாறா, ஸ்பான்சரோடு தகராறா, பயிற்சிக்குப் போதிய நாள் இல்லையா, எதற்கும் பதில் சொல்லவேண்டாம். கோச்சை அனுப்பிவிட்டால் கேலரி சாந்தமாகிறது. 2020ல் ஐ.எஸ்.எல்.லுக்கு அவசரமாக நுழைந்த ஈஸ்ட் பெங்கால், லிவர்பூல் புகழ் ராபி ஃபவுலரைக் கோச்சாகக் கொண்டுவந்தது. தயாராக நாளே இல்லாத அந்த அணி ஒன்பதாவது இடத்தில் முடிந்தது. திட்டு ஃபவுலருக்கு.

ஆனால் அந்த ஆண்டுகளில்தான் ரசிகர்கள் வேறு முகவரியையும் கண்டுபிடித்தார்கள். மோகன் பகான் பெயருக்கு முன்னால் 'ஏ.டி.கே.' ஒட்டிக்கொண்டதை எதிர்த்து மூன்று பருவங்கள் போராட்டம் நடத்தினார்கள். ஆட்டம் ஜெயித்த நாளிலும் பதாகை இறங்கவில்லை. 2023 மார்ச் 18 அன்று ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவிலேயே உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் 2021 ஜூலையில், முதலீட்டாளரோடு இழுபறியில் கிளப்பின் எதிர்காலமே தொங்கலில் இருந்தபோது, கிளப் வாசலில் திரண்டு போலீஸ் தடியடி வாங்கினார்கள். கோச்சைத் துரத்துவதைவிட இது கஷ்டமான வேலை. நாளும் அதிகம் பிடித்தது. ஆனால் ஒரு கோச்சை அனுப்பியதால் கிடைக்காதது இதில் கிடைத்தது: கேள்வி கேட்டவர்களுக்கு, பதில் சொல்லவேண்டியவர்களிடமிருந்தே பதில் வந்தது.

லேக் கார்டன்ஸ் டீக்கடைகளில் இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. நிர்வாகத்தைத் திட்டுகிறவர் அங்கே எப்போதும் ஒருவர் இருக்கிறார். ஆனால் சனிக்கிழமை தோற்றால், ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் ஒரு முகம் வேண்டியிருக்கிறது. கம்பெனிக்கு முகம் இல்லை. கோச்சுக்கு இருக்கிறது.

சஞ்சய் சென் என்ன ஆனார்? 2024 டிசம்பர் 31 இரவு, ஹைதராபாத். சந்தோஷ் டிராபி இறுதியாட்டத்தில் இஞ்சுரி டைமில் ராபி ஹான்ஸ்தா அடித்த கோலால் மேற்கு வங்கம் கேரளத்தை 1-0 என்று வென்றது. வங்கத்துக்கு இது 33வது பட்டம். கோச் அவர்தான். மாநில அணிக்கு கோட்டியும் கிடையாது, பாங்காலும் கிடையாது. இறாலும் ஹில்சாவும் ஒரே பக்கம் உட்கார்ந்து கைதட்டின. புத்தாண்டு காலையில் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரித்தவர்களுக்கு, ஏழு ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்துபோன அந்தத் 'தா' மறுபடியும் வாயில் வந்தது.